ஆடிக்கு முதல் நாள் இரண்டு குடித்தனம்

அத்தியாயம் 9

குணேஸ்வரியும் கனகசுந்தரமும் ஞாயிற்றுக்கிழமை தொட்டுக் கதைப்பதில்லை.

போன கிழமை படித்தவர்களுக்குக் காரணம் தெரியும். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: திருகோணமலை லிங்கநகரில் அவர்களுக்கு ஒரே வளவுக்குள் இரண்டு வீடு. முன்வீட்டில் இவர்கள் இருவரும். பின்வீடு வாடகைக்கு. முன்வீட்டின் தலைக்கு மேலே இன்னொரு வீடு பாதியில் நிற்கிறது. கொங்கிறீற் பிளேட் போட்டு, சுவர் எழும்பி, அந்த மட்டோடு நின்றுபோன வீடு. யன்னல் இல்லை, கதவு இல்லை, கக்கூஸ் இல்லை. வெளிப்படியால் ஏறிப் போனால் காகங்கள்தான் குடியிருக்கும்.

பின்வீட்டில் இருந்த பாங்க்காரக் குடும்பம் மாற்றலாகிப் போனது. போன கையோடு கனகசுந்தரம், மனுசியிடம் ஒரு வார்த்தை கேளாமல், ஒரு லோட் மணலும் கல்லும் கொண்டுவந்து கேற் வாசலில் இறக்கினார். மேல்வீட்டைக் கட்டி முடித்து அதையும் வாடகைக்கு விடப்போகிறாராம்.

குணேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துறைமுகத்தில் வேலை செய்த காலம் முழுக்க அவர் விடிய வெளிக்கிட்டால் இருட்டத்தான் வருவார். வாடகைக்கு இருந்தவர்களைக் கட்டி மேய்த்தது அவள். பியூஸ் போனாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள், கக்கூஸ் அடைத்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு குடும்பம் புறா வளர்த்தது. ஒரு குடும்பம் மோட்டரைப் போட்டுவிட்டு, நிற்பாட்ட மறந்து கதிர்காமம் போய்விட்டது. தண்ணீர்த் தாங்கி வழிந்து, வளவு குளமாகி, மோட்டர் எரிந்து, அவர்கள் மொட்டைத் தலையோடு திரும்பி வந்து இவளுக்கே திருநீறு தந்தார்கள். கடைசியாகப் போன பாங்க்காரர் சுவர் முழுக்க ஆணி அடித்துவிட்டுப் போயிருந்தார்.

“இருக்கிற ஒரு குடித்தனத்தையே கட்டி இழுக்க ஏலாமல் கிடக்கு. மேல ஒண்டு, கீழ ஒண்டு எண்டால் நான் என்ன, வீட்டுக்காரியோ வேலைக்காரியோ?” என்று கேட்டாள்.

“இப்ப நான் பென்சன் எடுத்து வீட்டிலதானே நிக்கிறன். நீர் சும்மா இரும், நான் பாக்கிறன்.”

“நீங்க பாத்த வடிவைத்தானே இவ்வளவு காலமும் நானும் பாத்தனான்.”

அதோடு கதை நின்றது. இந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சண்டை வந்தால் முதலில் வாய் திறக்கிறவர் தோற்றார் என்று அர்த்தம். வழமையாகக் கனகசுந்தரம் ஒரு நேரச் சாப்பாட்டுக்குள்ளேயே தோற்றுவிடுவார். இந்த முறை மனிதர் கல்லுப்போல நின்றார். சோறு போட்டிருக்கிறது என்பதைக் குணேஸ்வரி குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்துச் சொன்னாள். வெளியே போகிறேன் என்பதை அவர் கேற்றைப் பார்த்துச் சொன்னார்.

இப்படிக் கதையாமல் இருந்த இடைவெளிக்குள்தான் பிழை நடந்தது.

திங்கட்கிழமை குணேஸ்வரி பிரசர் கிளினிக்குக்குப் போனாள். அங்கே வழமையாகக் கையில் பட்டி சுற்றிப் பிரசர் பார்க்கும் தாதி அஸ்மியாவின் முகம் வாடிக் கிடந்தது. என்னவென்று கேட்டதும் பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. உப்புவெளியில் வாடகைக்கு இருந்த வீட்டை உரிமையாளர் சுற்றுலாக்காரருக்கு அறை அறையாக விடப்போகிறாராம். புதன்கிழமை வீட்டை விட்டே ஆக வேண்டுமாம். புருசன் ஜவ்பருக்குத் துறைமுகப் பக்கத்தில் படகு என்ஜின் திருத்துகிற வேலை. டவுனுக்குள் ஒரு வீடும் அமையவில்லை. கிண்ணியாவில் உம்மாவின் வீட்டுக்குப் போனால் நைற் டியூட்டிக்கு வந்துபோக ஏலாது.

குணேஸ்வரி அந்த இடத்திலேயே கைப்பையைத் திறந்து பின்வீட்டுப் பூட்டின் திறப்பை எடுத்துக் கொடுத்தாள்.

“பிள்ளை, வீடு உனக்குத்தான். வேற ஒருத்தருக்கும் குடுக்க மாட்டன். நீ அழாமல் வேலையைப் பார்,” என்றாள்.

அடுத்த நாள் கனகசுந்தரம் கோயிலுக்குப் போனார். பூசை முடிந்து வெளியே வந்தவரை இராகுலன் என்கிற பொடியன் பிடித்துக்கொண்டான். அவனுடைய மனுசி கீர்த்தனிக்கு டவுனில் உள்ள பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கிடைத்திருந்தது. ஈச்சிலம்பற்றிலிருந்து விடிய முதல் பஸ் எடுத்து வருகிறாள். ஐயாவின் பின்வீடு காலியாக இருக்கிறதாமே என்று அவன் கேட்க, கனகசுந்தரம் ஓம் என்றார். ஓம் என்று சொன்னதோடு நிற்காமல் ஐயரிடம் கூட்டிக்கொண்டு போய், வியாழன் ஆடி பிறக்கிறபடியால் புதன் பகலுக்குள் பால் காய்ச்சிவிட வேண்டும் என்று நேரமும் கேட்டுக் கொடுத்தார். ஆடியில் ஒருவரும் வீடு குடிபுக மாட்டார்கள் அல்லவா.

பூட்டுக்கு இரண்டு திறப்பு. ஒன்று அஸ்மியாவின் கைப்பையில். மற்றது கனகசுந்தரத்தின் சேர்ட் பைக்குள். இருவரும் மற்றவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? சொன்னால் தோற்றது ஆகிவிடும்.

இன்றைக்குப் புதன்கிழமை.

நாளைக்கு ஆடிப்பிறப்பு என்றபடியால் குணேஸ்வரி காலையிலேயே குசினியில் கூழுக்கு மா வறுத்துக்கொண்டிருந்தாள். பயறு வறுத்த வாசமும் பனங்கட்டி வாசமும் வீடு நிறைய. கச்சான் காற்று வளவு மண்ணை அள்ளி யன்னலால் எறிந்தது. அவள் யன்னலைச் சாத்தவும் கேற் வாசலில் ஒரு சின்ன லொறி வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

ஜவ்பர் குதித்து இறங்கினான். அஸ்மியா டிரைவருக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி அலுமாரிக் கதவை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். லொறிக்குள் கட்டில், மெத்தை, காஸ் அடுப்பு, கதிரைகள், ஒரு பெரிய கறிவேப்பிலைச் சாடி. அந்தச் சாடியைக் கண்டதும் குணேஸ்வரிக்கு மனம் குளிர்ந்துபோனது. செடியோடு வருகிற ஆட்கள் கெதியாக வெளிக்கிட மாட்டார்கள் என்பது அவளுடைய அனுபவம்.

அவளே முன்னால் போய்ப் பின்வீட்டைத் திறக்கச் சொல்லி, மோட்டரைப் போடுகிற ஆளி எது, மெயின் ஆளி எது என்று காட்டினாள். கிணறு ஒன்றுதான், மோட்டரும் ஒன்றுதான், காலையில் தாங்கி நிரம்பினதும் நிற்பாட்ட வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னாள். அஸ்மியா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். முன்னறைச் சுவரில் பாங்க்காரர் விட்டுப்போன ஆணிகளைப் பார்த்து, இவ்வளவு படமா தொங்கவிட்டவர்கள் என்று கேட்டுச் சிரித்தாள். ஜவ்பர் அதற்குள் கட்டிலை இறக்கிவிட்டான்.

அப்போதுதான் கனகசுந்தரம் வந்தார்.

மனிதர் புது வேட்டி கட்டியிருந்தார். ஒரு கையில் மாவிலை. மற்றக் கையில் பால். வாய் நிறையச் சிரிப்பு. பின்னால் ஒரு ஓட்டோவில் இராகுலனும் கீர்த்தனியும், அவளுடைய மடியில் புதுப் பானை.

லொறியைக் கண்டதும் அந்தச் சிரிப்பு அப்படியே காய்ந்து போனது.

மனுசியைக் கேட்க ஏலாது. அவர் ஜவ்பரிடம் போனார். ஆரைத் தேடி வந்தீர்கள் தம்பி என்று கேட்டார். ஜவ்பர் மெத்தையை நிமிர்த்திப் பிடித்தபடி, வாடகைக்கு வந்ததாகவும் ஆன்ட்டிதான் வீடு தந்ததாகவும் சொன்னான். சொன்னதோடு திறப்பையும் தூக்கிக் காட்டினான். கனகசுந்தரம் தன் சேர்ட் பைக்குள் கைவிட்டுத் தன்னுடைய திறப்பை எடுத்தார். இரண்டு திறப்பும் வெயிலில் மின்னின. ஓட்டோக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, வாடகையை வாங்கிக்கொண்டு போகாமல் அங்கேயே நின்றார்.

சத்தம் கேட்டு வந்த குணேஸ்வரி, மாவிலையையும் பானையையும் பார்த்தாள். ஒரு நிமிசத்தில் முழுக்க விளங்கிவிட்டது.

“ரீச்சர்,” என்றார் கனகசுந்தரம் கீர்த்தனியைப் பார்த்து, “வீட்டில ஒரு சொல்லுக் கேட்டிருந்தால் இப்பிடி வந்திராது எண்டு சொல்லுங்கோ.”

கீர்த்தனி யாருக்குச் சொல்வது என்று தெரியாமல் விழித்தாள்.

குணேஸ்வரி அஸ்மியாவைப் பார்த்தாள். “பிள்ளை, மணலும் கல்லும் இறக்கேக்க ஆரும் ஒரு சொல்லுக் கேட்டவையோ எண்டு கேள்.”

அஸ்மியாவும் விழித்தாள். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேரைச் சமாளிக்கிறவள், இது என்ன வருத்தம் என்று பிடிபடாமல் நின்றாள்.

பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். இராகுலன் கோயிலடியில் நடந்ததை முதலிலிருந்து சொன்னான். ஐயா சாமியைச் சாட்சி வைத்துத் தந்த வாக்கு என்றான். ஜவ்பர், தாங்கள் பழைய வீட்டுத் திறப்பைக் கொடுத்துவிட்டு வந்ததைச் சொன்னான். திரும்பிப் போக இடமில்லை, லொறிக்காரருக்கும் அடுத்த சவாரி இருக்கிறது. இராகுலனுக்கு முகம் சிவந்தது. பால் காய்ச்சுகிற நேரம் போய்க்கொண்டிருக்கிறது. இன்றைக்கு விட்டால் ஆவணிதான்.

“அன்ரி, நீங்களும் எங்கட ஆக்களாயிருந்து கொண்டு...” என்று தொடங்கினான்.

“இராகுல்,” என்றாள் கீர்த்தனி.

ஒரு சொல்தான். அவன் மிச்சத்தை விழுங்கிக்கொண்டான். ஆனால் அந்தச் சொல் எங்கே போகப் புறப்பட்டது என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். ஜவ்பர் மெத்தையைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒதுங்கி நின்றான். ஓட்டோக்காரர் வேறு பக்கம் பார்த்தார்.

அஸ்மியாதான் முதலில் அசைந்தாள். கதிரை ஒன்றைத் தூக்கித் திரும்ப லொறிக்குள் வைத்தாள். ஆத்திரமாக வைக்கவில்லை, வார்ட்டில் ஒரு கட்டிலைச் சரிபண்ணுவது போல மெதுவாக வைத்தாள்.

“பரவாயில்ல ஆன்ட்டி. நாங்க உம்மாட வீட்ட போறம். எனக்காக நீங்க ரெண்டு பேரும் சண்டை பிடிக்காதீங்க. நீங்க வீடு தாறன் எண்டு சென்னதே எனக்குப் பெரிய விசயம்.”

அந்தப் பிள்ளை அழுதிருந்தால், கோபப்பட்டிருந்தால் குணேஸ்வரி தாங்கியிருப்பாள். நன்றி சொன்னதைத் தாங்க முடியவில்லை. வேறு ஒருத்தருக்கும் கொடுக்க மாட்டேன் என்று வாயால் சொல்லித் திறப்பையும் கையில் வைத்தவள் அவள். இப்போது அந்தப் பிள்ளை கறிவேப்பிலைச் சாடியைத் திரும்பத் தூக்கப் போகிறாள்.

இராகுலனை அனுப்பிவிடலாமா? அப்படியென்றால் கோயிலடியில் கனகசுந்தரம் சொன்ன சொல் பொய்யாகிவிடும். துறைமுகத்தில் அவ்வளவு காலம் வேலை செய்து ஒருத்தரிடமும் பேச்சு வாங்காத மனிதர், இப்போது புது வேட்டியோடும் மாவிலையோடும் பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பிள்ளைபோல நிற்கிறார். அவரோடு எத்தனை நாள் கதையாமலும் இருக்கலாம். ஊர் முன்னால் அவரைத் தலைகுனிய வைக்க அவளால் ஏலாது.

இரண்டு வாக்கு. ஒரு வீடு.

அவள் கண் தன்பாட்டில் மேலே போனது. யன்னலில்லாத மேல்வீட்டுச் சுவரில் ஒரு காகம் இருந்து இவர்களை வேடிக்கை பார்த்தது.

வேண்டாம், என்றது மனம். அதைச் சொன்னால் சண்டையில் தோற்றாய். மேல ஒன்று, கீழே ஒன்று. இரண்டு மோட்டர், இரண்டு கக்கூஸ், இரண்டு பங்கு தலையிடி. சாகும் மட்டும் பியூஸ் மாற்று.

அஸ்மியா சாடிக்குக் குனிந்தாள்.

“அதை வை, பிள்ளை,” என்றாள் குணேஸ்வரி.

பிறகு, ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக, நேராகப் புருசனின் முகத்தைப் பார்த்தாள்.

“இஞ்சருங்கோ. ஆடிக்கு முதல் பால் காய்ச்சினால் குடிபுகுந்த கணக்குத்தானே? சாமானை ஆவணியில கொண்டு வரலாம்தானே?”

கனகசுந்தரம் அவளையே பார்த்தார். “ஓம்,” என்றார் மெதுவாக. “பால்தான் முக்கியம்.”

“அப்ப மேல காய்ச்சட்டும். ஆவணிக்குள்ள மேல்வீட்டை முடிச்சுக் குடுங்கோ.”

அவர் சிரிக்கவில்லை. அதுதான் பெரிய விசயம். அந்த நேரம் அவருடைய உதட்டு ஓரம் கொஞ்சம் அசைந்திருந்தாலும் குணேஸ்வரி சொன்னதைத் திருப்பி எடுத்திருப்பாள். அவர் இருமினார், வேட்டியை மடித்துக் கட்டினார், வாருங்கள் தம்பி என்று இராகுலனைக் கூட்டிக்கொண்டு படியேறினார்.

இராகுலன் மேலே போய்ச் சுற்றிப் பார்த்தான். வானம் தெரியும் யன்னல், பாதிச் சுவர், மூலையில் காகம் கொண்டுவந்து போட்ட எலும்பு. இதுக்குள்ள மனுசர் இருக்க ஏலுமோ என்று கேட்டான். ஆனால் கீர்த்தனி யன்னல் ஓட்டையால் எட்டிப் பார்த்தாள். கூரைகளுக்கு மேலால், தூரத்தில், துறைமுகத் தண்ணீர் ஒரு துண்டு நீலமாகத் தெரிந்தது. இரண்டு கப்பல் நின்றன. அவள் ஓட்டையில் கையூன்றிக் கப்பல்களைப் பார்த்தாள்.

“பள்ளிக்கூட லீவும் வருகுது. ஆவணி மட்டும் பஸ்ஸில வந்து போறன்,” என்றாள் புருசனிடம். “எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு.”

அவனும் இறங்கி வந்து ஓட்டோவிலிருந்த பானையை எடுத்தான்.

கேற்றடியில் கிடந்த கல்லில் மூன்றைக் கனகசுந்தரம் மேலே கொண்டுபோய் அடுப்பாக வைத்தார். குணேஸ்வரி சிரட்டையும் விறகும் கொடுத்தாள். மாவிலை கட்டக் கதவு நிலை இல்லை, அதனால் இரண்டு கம்பிக்கு நடுவில் கட்டினார்கள். கீர்த்தனி கற்பூரம் கொளுத்திப் பாலை வைத்தாள்.

அணைந்தது.

திரும்பக் கொளுத்தினாள். கச்சான் காற்று ஒரு யன்னல் ஓட்டையால் புகுந்து மற்ற ஓட்டையால் போனது. போகும்போது நெருப்பையும் கொண்டு போனது. இராகுலன் குந்தியிருந்து இரண்டு கையாலும் மறைத்தான். கனகசுந்தரம் வேட்டித் தலைப்பை விரித்துப் பிடித்தார், வேட்டியில் பொறி பறந்து ஓட்டை விழுந்தது. நேரம் போய்க்கொண்டிருந்தது. கீர்த்தனியின் கண்ணில் புகை.

கீழே நின்று பார்த்த அஸ்மியா புருசனிடம் ஏதோ சொன்னாள்.

சற்று நேரத்தில் படியால் ஒரு மெத்தை ஏறி வந்தது. மெத்தைக்குப் பின்னால் ஜவ்பர். இரட்டைக் கட்டில் மெத்தை, பூப்போட்டது. அதைக் காற்று வரும் யன்னல் ஓட்டையில் நிமிர்த்தி வைத்தான். காற்று ஒரு தள்ளுத் தள்ள, மெத்தையோடு அவனும் பின்னால் வந்தான்.

“தம்பி, ஒரு கை பிடிங்களன்,” என்றான்.

இராகுலன் ஒரு கணம் அவனைப் பார்த்தான். பிறகு எழும்பிப் போய் மற்றப் பக்கத்தைப் பிடித்தான். இரண்டு பேரும் தோளைக் கொடுத்து மெத்தையைச் சுவரோடு அழுத்திக்கொண்டு நின்றார்கள். அறைக்குள் காற்று நின்றுபோனது. சிரட்டை பற்றியது.

“புது மெத்தையோ?” என்று கேட்டான் இராகுலன் சும்மா நிற்க முடியாமல்.

“கலியாணத்துக்கு மாமி தந்த. பொறி பறந்து ஓட்டை விழுந்தா கிண்ணியாவுக்குப் போய் நீங்கதான் பதில் செல்லணும்.”

இராகுலன் சிரித்தான். சிரித்ததில் பிடி தளர்ந்து காற்று உள்ளே வர, கீர்த்தனி போட்ட சத்தத்தில் இருவரும் திரும்ப அழுத்திப் பிடித்தார்கள்.

பால் பொங்கியது. கிழக்குப் பக்கமாக, கடல் பக்கமாக வழிந்தது. கனகசுந்தரம் கும்பிட்டார். குணேஸ்வரியும் கும்பிட்டாள். படியில் நின்ற அஸ்மியா, கொதிபாலைத் தொடாதீங்க ரீச்சர், துணி எடுங்க என்று தாதி வேலையைப் பார்த்தாள். எல்லோருக்கும் சீனி போட்டு ஒவ்வொரு வாய் கிடைத்தது. ஓட்டோக்காரரும் மேலே வந்து குடித்துவிட்டுத்தான் போனார்.

இராகுலன் போகும்போது ஜவ்பரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குப் பதிலாக லொறியில் மிச்சமிருந்த அலுமாரியின் ஒரு முனையைத் தூக்கினான். ஜவ்பர் மற்ற முனையைத் தூக்கினான். அது போதும் என்று குணேஸ்வரி நினைத்தாள்.

ஆனால் அவள் சும்மா தோற்கிற ஆள் இல்லை. எல்லோரும் கலைந்ததும் கனகசுந்தரத்தைக் குசினிக் கதிரையில் இருத்தி வைத்துச் சட்டம் போட்டாள். மேல்வீட்டுக்குத் தனி மோட்டர், தனித் தாங்கி, தனி மீற்றர். பியூஸ் போனால் மேலே ஏறுவது அவர். கக்கூஸ் அடைத்தால் ஆள் பிடிப்பது அவர். அவளைக் கேளாமல் ஒரு கல்லும் இந்த வளவுக்குள் வரக் கூடாது. அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சண்டையில் வென்ற மனிதர் இவ்வளவு பணிவாக இருந்து அவள் கண்டதில்லை.

அதற்குள் அவருக்கு இன்னொரு கவலை வந்துவிட்டது. ஆடியில் குடிபுகுதல் மட்டுமல்ல, கட்டட வேலை தொடங்குவதும் இல்லை. இன்றைக்கே தொடங்காவிட்டால் ஆவணிக்கு எப்படி முடியும்? மேசன் பஸ்லானுக்குக் கோல் எடுத்தார். பஸ்லான் வேறு இடத்தில் பூச்சு வேலையில் நின்றவர், பின்னேரம் சாந்துக் கரண்டியோடு வந்து இறங்கினார். விசயத்தைக் கேட்டுவிட்டு, எனக்கு ஆடியுமில்லை ஆவணியுமில்லை ஐயா, உங்கட மனத்துக்காக வைக்கிறன் என்று சொல்லி, கக்கூஸ் வரப்போகிற மூலையில் ஒரு வரிசைக் கல் வைத்துவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

பொழுது சாய்ந்தது. காற்று அடங்கியது. பின்வீட்டு யன்னலில் அஸ்மியா திரைச்சீலை போட்டுக்கொண்டிருந்தாள். ஜவ்பர் கிணற்றடியில் மோட்டரைத் திறந்து வைத்து எதையோ துடைத்தான். கேளாமலே மோட்டர் பார்க்கிற குடித்தனக்காரன். இப்படியும் ஒரு ஆள் வரும் என்று குணேஸ்வரி நினைத்திருக்கவில்லை. நாளைக்குக் கூழை இரண்டு பானையாகக் காய்ச்ச வேண்டும், அஸ்மியாவுக்கும் கொடுக்க வேண்டும், கீர்த்தனிக்கும் ஒரு போத்தலில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாம் என்று கணக்குப் போட்டாள். உடம்பெல்லாம் அலுப்பு. ஆனால் மனம் கழுவிவிட்ட முற்றம் போலிருந்தது.

கனகசுந்தரம் பின்கதவடியில் கதிரை போட்டு, தேத்தண்ணியோடு கதைத்துக்கொண்டே இருந்தார். ஞாயிறு தொட்டுச் சேர்த்து வைத்த கதை முழுக்க வந்தது. துறைமுகத்தில் கூட வேலை செய்த ஒருவருக்கு முழங்கால் ஒப்பரேசனாம். குச்சவெளிப் பக்கம் மீன் மலிந்து கிடக்கிறதாம். தெருவோரத் தண்ணிக் கானைத் தோண்டிப் போட்டுவிட்டு மூடாமல் போய்விட்டார்களாம். குணேஸ்வரி ம் கொட்டிக்கொண்டு பனங்கட்டி உடைத்தாள். இந்த மனிதரின் கதை இல்லாமல் வீடு எவ்வளவு வெறிச்சென்று கிடந்தது என்பதை அவருக்குச் சொல்லக் கூடாது.

“பிறகு,” என்றார் அவர், “தர்சிகா நேற்றுப் பின்னேரம் கோல் எடுத்தவள்.”

தர்சிகா அவர்களுடைய ஒரே மகள். புருசனோடு கொழும்பில் இருக்கிறாள்.

“எனக்கு எடுக்கேல்லையே?”

“உம்மட போனுக்குத்தான் எடுத்தவள். நீர் குளிச்சுக் கொண்டிருந்தனீர். நான் தூக்கினனான்.”

“அதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“நாங்கள் கதைக்கிறேல்லைத்தானே.”

குணேஸ்வரி பனங்கட்டியைக் கீழே வைத்தாள். என்ன சொன்னவள் என்று கேட்டாள்.

மருமகனுக்குத் திருகோணமலைக்கு மாற்றம் வந்திருக்கிறதாம். பிள்ளைகளோடு ஆவணியில் வந்து சேருகிறார்களாம். அவர் அதைச் சொல்லும்போது குணேஸ்வரிக்கு ஒரு கணம் ஒன்றும் கேட்கவில்லை. மகள் இங்கேயே வரப்போகிறாள். பேரப் பிள்ளைகள் இந்த வளவுக்குள் ஓடப்போகிறார்கள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்துக் கனகசுந்தரமும் முகம் மலர்ந்தார். பிறகு அவர் கோப்பைக்குள் பார்த்தார்.

“பின்வீடு காலியாத்தானே இருக்கு அப்பா எண்டு கேட்டவள்.”

பின்வீட்டில் அஸ்மியா லைற் போட்டாள்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

கனகசுந்தரம் மிச்சத் தேத்தண்ணியை முற்றத்தில் ஊற்றினார். சொல்லத் தேவையும் இருக்கவில்லை. இராகுலனுக்கு ஓம் சொன்ன அதே நாள், அதே வாய், மகளுக்கும் ஓம் சொல்லியிருந்தது.

“நான் அஸ்மியாவை வீட்டை விட்டு எழுப்ப மாட்டன்,” என்றாள் குணேஸ்வரி.

“மகளெண்டாலுமோ?”

அவள் எழும்பினாள். கையில் ஒட்டியிருந்த பனங்கட்டியைச் சீலைத் தலைப்பில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள். தர்சிகா உடனே எடுத்துவிட்டாள். பின்னால் பிள்ளைகளின் சத்தம். அம்மா, அப்பா சொன்னவரோ என்று கேட்ட அந்தக் குரலில் அவ்வளவு சந்தோசம்.

குணேஸ்வரி பின்கதவுப் படியில் இருந்துகொண்டாள். திரைச்சீலைக்குப் பின்னால் அஸ்மியாவின் நிழல் குனிவதும் நிமிர்வதுமாகத் தெரிந்தது.

“ஓம் பிள்ளை, சொன்னவர்,” என்றாள். “எனக்கும் நல்ல சந்தோசம். ஆனால் உன்னோட ஒண்டு கதைக்க வேணும். பிள்ளையளைக் கொஞ்சம் அங்கால விட்டிட்டு, இருந்து கேள்.”